குழுப்படத்துக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களே, அவையோரே, இரண்டு அணித் தோழர்களே, வணக்கம். வணக்கத்துக்கு இது போதும், எனக்கு எட்டு நிமிடம்தான்.

நட்பு நாடுகளைக் காப்பது பேச்சுவார்த்தையா, படைபலமா என்பது தலைப்பு. நான் பேச்சுவார்த்தை அணி. பேசுவதற்கென்றே மேடையேறியவன் வேறு எங்கே போவேன்?

குறிப்பெல்லாம் எழுதித்தான் வந்தேன். 1949 ஏப்ரல் 4, வாஷிங்டன், 12 நாடுகள் கையெழுத்திட்ட வட அட்லாண்டிக் ஒப்பந்தம். ஆபத்து என்று ஓர் உறுப்பு நாடு நினைத்தால் எல்லோரும் கூடிக் கலந்து பேச வேண்டும் என்கிற அதன் 4-ஆம் பிரிவு. எல்லாம் இந்தச் சட்டைப்பையில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார், நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"நட்பு நாடுகள் கூடினால் என்ன செய்வார்கள்? கைகுலுக்குவார்கள், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டுக் கலைவார்கள். மிஞ்சுவது ஒரு குழுப்படம்" என்றார்.

ஐயா, படம் என்று வாயைக் கொடுத்துவிட்டீர்கள். இனி விடமாட்டேன்.

1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இறங்கியதை அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் படம் பிடித்துவிட்டது. 22-ஆம் தேதி இரவு அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் ஊருக்கே சொல்லப்போகிறார். அதற்கு முன்னால் நண்பர்கள் காதில் போட்டுவைக்க வேண்டும். பாரிசுக்கு யாரை அனுப்புவது? அங்கே இருப்பவர் பிரெஞ்சு அதிபர் டி கோல். உயரம் ஆறடிக்கு மேல், ரோஷம் அதற்கும் மேல். சின்ன ஆளை அனுப்பினால் வாசலிலேயே திருப்பிவிடுவார். கடைசியில் 69 வயது டீன் அச்செசனைப் பிடித்தார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பதவியை விட்டு ஒன்பது வருடமாகிவிட்ட மனிதர். நான் சட்டைப்பையில் வைத்திருக்கிறேனே, அந்த 1949 ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்காகக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

படங்களைச் சுமந்துகொண்டு அச்செசன் போய் நிற்கிறார். டி கோல் கேட்கிறார்: "என்னிடம் யோசனை கேட்க வந்தீர்களா, எடுத்த முடிவைச் சொல்ல வந்தீர்களா?"

எதிரணித் தோழருக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, "கார் ஒன்று வாங்கலாமா?" என்று வீட்டில் கேட்கிறவர்கள் இந்த அவையிலேயே பத்துப் பேர் இருப்பீர்கள். முன்வரிசையில் ஒருவர் தலை குனிகிறார் பாருங்கள்!

ஆனால் டி கோல் சும்மா கேட்கவில்லை. அதற்குப் பின்னால் 18 வருட வடு இருக்கிறது. 1944 ஜூன் 6, பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகளின் தரையிறக்கம். அவருடைய சொந்த மண்ணை ஜெர்மனியிடமிருந்து மீட்கும் போர். அதை அவருக்கு எப்போது சொன்னார்கள்? ஜூன் 4-ஆம் தேதி. இரண்டே நாள் முன்னால்! அந்த மனிதர் கேட்கமாட்டாரா?

அச்செசன் மழுப்பவில்லை. "சொல்லத்தான் வந்தேன்" என்றார். அப்புறம் படங்களை எடுக்கப் போனார். டி கோல் தடுத்துவிட்டார். இவ்வளவு பெரிய நாடு ஆதாரம் இல்லாமல் இதில் இறங்காது, படம் வேண்டியதில்லை என்றார். ஆதரவையும் தந்தார்.

பார்க்காமலே! நடுவர் அவர்களே, உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நிற்கிறது. ஆதாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமலே ஒருவர் உங்கள் பக்கம் நிற்கிறேன் என்கிறார். பேச்சுவார்த்தையில் மிஞ்சுவது படம் என்றீர்களே தோழரே, அங்கே படத்தை யார் சீண்டினார்கள்?

பொறுங்கள், கதை முடியவில்லை. ஆதரவு தந்த பிறகு, "சரி, இப்போது காட்டுங்கள்" என்று படங்களை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தது என்று கேட்டார். சுமார் 65,000 அடி. பழைய ராணுவக்காரர் அசந்துபோனார். முதலில் நம்பிக்கை, பிறகுதான் பூதக்கண்ணாடி. நம்மில் பலருக்கு எல்லாமே பூதக்கண்ணாடிதான்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும்? 2021 செப்டம்பர். அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ஆக்கஸ் என்று ஒரு பாதுகாப்புக் கூட்டணியில் கைகோத்தன. பிரான்சோடு போட்டிருந்த நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா தூக்கிப்போட்டது. வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது பிரான்ஸ். லண்டன் தூதரை மட்டும் அழைக்கவில்லை. கோபித்துக்கொள்ளக்கூடத் தகுதியில்லை என்று லண்டனுக்குச் சொன்னது போல! ஒப்பந்தத்தை முறித்ததற்கு ஆஸ்திரேலியா அடுத்த ஆண்டு கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 55.5 கோடி யூரோ. அந்தக் காசுக்கு எத்தனை குழுப்படம் எடுத்திருக்கலாம் தோழரே?

எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது. "அதே டி கோல்தானே 1966-இல் அமெரிக்கப் படைகளை வெளியே போகச் சொன்னார்?" ஆமாம், அவரேதான். அந்த 1949 ஒப்பந்தத்தில் பிறந்த கூட்டணியான நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து பிரான்ஸ் விலகியது. தலைமையகம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் போனது. ஆனால் பேச்சு மேசையில் பிரான்சின் நாற்காலி? அதை யாரும் நகர்த்தவில்லை. படைகள் பிரிந்து நின்ற 43 வருடமும் அது அங்கேயே கிடந்தது. 2009-இல் பிரான்ஸ் கூட்டுப் படைத் தலைமைக்குத் திரும்பியது.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, ஒரே நிமிடம்.

அந்த 1966-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், டி கோல் முன்னால் போய் நின்றார். அமெரிக்க வீரர்கள் எல்லோரும் போய்விட வேண்டும் என்கிறீர்களே, உங்கள் மண்ணில் புதைந்திருக்கிறவர்களும் அதில் சேர்த்தியா என்று கேட்டார்.

டி கோல் பதில் சொல்லவில்லை என்று ரஸ்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

நார்மண்டியில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் 9,000-க்கும் மேல். யாரோ பெற்ற பிள்ளைகள். ஊருக்குத் திரும்பாத பிள்ளைகள். முகாம்கள் காலியாகின, கொடிகள் இறங்கின, வண்டிகள் எல்லை தாண்டின. அவர்களை மட்டும் யாரும் எழுப்பவில்லை. படைபலம் என்று கணக்குப் போட்டீர்களே தோழரே, அந்தப் பையன்களை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்?

இப்போது மணியை அடியுங்கள், நடுவர் அவர்களே.