மூன்று புகைபோக்கி இருந்தால் எம்டனா? ஒரு பழைய போர்க்கப்பல் படம் பற்றி நேயர் கேள்வி

அடுத்த கேள்வியைப் படத்தோடு அனுப்பியிருக்கிறார் ஒரு நேயர். பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது நடுவில் ஒரு போர்க்கப்பலின் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்ததாம். மூன்று புகைபோக்கி, இரண்டு கொடிமரம், பின்பக்கம் வெள்ளைக் கொடி, அதில் கறுப்புச் சிலுவை. "ஜெர்மன் கொடி, மூன்று புகைபோக்கி. அப்படியானால் இது எம்டன்தானே? இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினாலும் எம்டன் என்றே வருகிறது. எப்படி உறுதிசெய்வது?" என்று கேட்கிறார்.

இது எம்டன் இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்கினாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். பெயரை முதலில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் எல்லாமே அந்தப் பெயருக்குப் பொருந்துவது போலத்தான் தெரியும். எந்தெந்தக் கப்பலாக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் மிஞ்சுவதை நம்பலாம்.

முதலில் பீரங்கிகளைப் பாருங்கள். எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, முன்னால் ஒரு இரும்புத் தடுப்போடு நிற்கும். உங்கள் படத்தில் கப்பலின் முன்பக்கம் மூடிய கூண்டு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து இரண்டு குழாய்கள் ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பின்பக்கமும் அதே மாதிரி ஒன்று. அப்படிப்பட்ட இரட்டைப் பீரங்கிக் கூண்டு எம்டனில் கிடையாது. இந்த ஒரு விஷயமே போதும், எம்டனை விட்டுவிடலாம்.

புகைபோக்கியின் எண்ணிக்கை ஒரு நல்ல தொடக்கம், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. எம்டன் காலத்து ஜெர்மன் சிறு குரூசர்களில் (குரூசர் என்பது வேகமாக ஓடும் ஒரு வகைப் போர்க்கப்பல்) பல மூன்று புகைபோக்கி உள்ளவைதான். எம்டனின் ஜோடிக் கப்பல் டிரெஸ்டனுக்கும் மூன்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1914 அக்டோபர் 28 அன்று எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, பிரிட்டிஷ் குரூசர் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தியிருந்தது. அப்படியே உள்ளே போய் ரஷ்யக் குரூசர் ஷெம்சூக்கை மூழ்கடித்தது. தொழிலே கப்பலைப் பார்ப்பதாக இருந்தவர்களைக்கூட அந்தத் தந்திரம் ஏமாற்றியது என்றால், புகைபோக்கியை மட்டும் எண்ணிப் பெயர் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

சரி, கொடிக்கு வருவோம். நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். படத்தில் கறுப்பாகத் தெரிகிறது என்பதால் அது கறுப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுகளும் பிலிமும் சிவப்பு ஒளியை உணராதவை. அதனால் சிவப்பு நிறம் கிட்டத்தட்ட கறுப்பாகப் பதியும். நீலமோ உள்ளதைவிட வெளிறிப் போகும். பிரெஞ்சுக் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலமும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், சிவப்பு மட்டும் கறுப்புப் பட்டையாக நிற்கும். பிரிட்டிஷ் கடற்படைக் கொடி வெள்ளையில் சிவப்புச் சிலுவை. பழைய படத்தில் அது வெள்ளையில் கறுப்புச் சிலுவையாகத்தான் வரும். ஜெர்மன் பேரரசின் கடற்படைக் கொடியும் வெள்ளையில் கறுப்புச் சிலுவைதான். இரண்டும் ஒன்று போலவே தெரியும்!

வேறுபாட்டை எங்கே தேடுவது? சிலுவையின் நடுவில். ஜெர்மன் கொடியில் அங்கே ஒரு வட்டம், அதற்குள் கழுகு. பிரிட்டிஷ் கொடியில் நடுவில் எதுவும் கிடையாது. அடுத்தது கம்பத்தை ஒட்டிய மேல் மூலை. ஜெர்மன் கொடியில் அங்கே குறுக்குவாட்டில் மூன்று பட்டைகள், கறுப்பு, வெள்ளை, சிவப்பு. படத்தில் அது கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று வரும். பிரிட்டிஷ் கொடியில் அங்கே அவர்களின் தேசியக் கொடியான யூனியன் ஜாக், அதன் கோடுகள் மூலைவிட்டமாகவும் ஓடும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலுவையின் நடுவில் வட்டம் இல்லை, மூலையில் சாய்ந்த கோடுகள் தெரிகின்றன. எனவே பிரிட்டிஷ் கப்பல்.

கொடி இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், மூன்று புகைபோக்கியும் முன்னும் பின்னும் இரட்டைக் கூண்டும் வைத்திருந்த கப்பல்கள் வேறு நாடுகளிலும் இருந்தன. ஜெர்மனியில் பிரின்ஸ் அடால்பெர்ட் வகை, ரஷ்யாவில் போகாட்டிர் வகை. ரஷ்யக் கொடியில் சிலுவை சாய்வாக, பெருக்கல் குறி மாதிரி இருக்கும், அதனால் அது எளிதில் கழிந்துவிடும். ஜெர்மன் கப்பலைக் கழிக்க அந்த நடு வட்டம் தேவைப்பட்டது.

பிரிட்டிஷ் கடற்படையில் இந்த அமைப்புக்குப் பொருந்துவது மான்மவுத் வகைக் குரூசர்கள். 6 அங்குலப் பீரங்கிகள் பதினான்கு, அவற்றில் நான்கு இந்த இரட்டைக் கூண்டுகளில். மீதிப் பத்தும் கப்பலின் பக்கச் சுவரிலேயே பதித்தவை, சில இடங்களில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. உங்கள் படத்தில் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு தெரிவது அதுதான். கீழ் அடுக்கு தண்ணீருக்கு ரொம்ப அருகில், அலை பெரிதானால் அந்தப் பீரங்கிகளை இயக்குவதே சிரமம். எம்டன் சுமார் 118 மீட்டர் நீளம், இவை சுமார் 141 மீட்டர். மேல்தளத்தில் நிற்கும் மாலுமியின் உயரத்தை அளவாக வைத்துக் கணக்கிட்டாலே இந்த வித்தியாசம் பிடிபடும்.

இப்போது சிக்கல் என்னவென்றால், இந்த வகையில் மொத்தம் பத்துக் கப்பல்கள். எல்லாம் 1903, 1904இல் கட்டி முடித்தவை, தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்று. இங்கே படம் எடுத்த தேதி கைகொடுக்கும். பெட்ஃபோர்ட் 1910 ஆகஸ்டில் கொரியாவுக்குத் தெற்கே ஜெஜு தீவருகே பாறையில் மோதி அழிந்தது. மான்மவுத் 1914 நவம்பர் 1 அன்று சிலி கடற்கரைக்கு அப்பால் நடந்த கொரோனல் சண்டையில் மூழ்கியது. அதோடு போனவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உங்கள் படம் 1915இல் எடுத்தது என்று தெரிந்தால் இந்த இரண்டும் கழிந்துவிடும். முதல் உலகப் போருக்கு முந்தைய சில ஆண்டுகளில், ஒரே வகைக் கப்பல்களைப் பிரித்தறியப் புகைபோக்கியில் வெள்ளைப் பட்டை அடிக்கும் வழக்கமும் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தது. எந்தப் புகைபோக்கியில் எத்தனை பட்டை என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி மாலுமிகளின் தொப்பி. தொப்பியைச் சுற்றிய நாடாவில் கப்பலின் பெயரே இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ரகசியம் கருதி 'எச்.எம்.எஸ்.' (அரசரின் கப்பல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் போட்டார்கள், முதல் போர்க்காலத்தில் பெயர் இருந்தது. உங்கள் படத்தில் முன்தளத்தில் ஆறேழு பேர் நிற்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் படம் சுருங்கி, எழுத்து கரைந்துவிட்டது. அசல் படத்தை 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்போது படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் துடைக்க வேண்டாம், ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. தேதியும் ஊரும் கிடைத்துவிட்டால், லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நாட்குறிப்புகள் ADM 53 என்ற வரிசையில் இருக்கின்றன. எந்த நாளில் எந்தக் கப்பல் எங்கே நின்றது என்பது அவற்றில் பதிவாகியிருக்கும். பத்தில் அந்தத் துறைமுகத்தில் அன்றைக்கு நின்றது எது என்று ஒப்பிட்டுவிடலாம்.

அப்புறம், இன்னொரு நேயர் கேட்டிருந்தார், இப்படிப் படம் வைத்திருந்தவர் அந்தக் கப்பலில் வேலை பார்த்தவராக இருப்பாரா என்று. அப்படி முடிவு கட்ட வேண்டாம். போர்க்கப்பல் படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டு நிறைய விற்றார்கள், கப்பலையே பார்க்காதவர்களும் வாங்கி வைத்தார்கள். வேலை பார்த்தாரா என்பதற்குப் பணிப் பதிவேட்டில் அவர் பெயர் வேண்டும், படம் மட்டும் போதாது.