துபாய் டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! துபாயில் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் தேடுகிறவர்களுக்காக இந்த வீடியோ. பெட்டி கட்டுவதைப் பற்றி ஏகப்பட்ட வீடியோ இருக்கிறது. நான் பேசப் போவது வரியும் வங்கிக் கணக்கும். போரடிக்கும், தெரியும். ஆனால் காசு கரைவது இங்கேதான்.

முதலில் கிளம்பும் தேதி. "துபாயில்தான் வருமான வரியே இல்லையே" என்பார்கள். அங்கே இல்லை, சரி. இந்தியாவில்? நம் வரிக் கணக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வேலைக்காகக் கிளம்பும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் உள்நாட்டுவாசிதான். அப்படியானால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்த பிறகும் இந்த 182 மாறவில்லை.

ஏப்ரல் 1 முதல் எண்ணிப் பாருங்கள், செப்டம்பர் 29 அன்று 182 ஆகிவிடும். கிளம்பும் நாளையும் சேர்த்து எண்ணுவதுதான் பத்திரம். ஒருவர் செப்டம்பர் 10 கிளம்புகிறார், அந்த மார்ச் வரை இங்கே திரும்பவில்லை. அவருடைய துபாய் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. இன்னொருவர் அக்டோபர் 10 கிளம்புகிறார். மாதம் 10,000 திர்ஹாம் என்றால், மார்ச் வரை வாங்கியது அத்தனையும் இந்திய வரிக் கணக்கில் ஏறும். சிங்கப்பூர் போனவர் அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். துபாயில் கட்டவே இல்லையே, எதைக் கழிப்பது? அதனால் ஹெச்.ஆரிடம் சேரும் தேதியைக் கொஞ்சம் முன்னால் கேட்டுப் பாருங்கள். அப்புறம், தீபாவளிக்கு ஊருக்கு வந்துபோகும் நாட்களும் இந்த எண்ணிக்கையில் சேரும்.

வங்கி விஷயத்துக்கு வருவோம். இதில் ஆட்சி செய்வது நம் நாட்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், ஃபெமா. அது 182 நாள் வரை காத்திருக்காது. வேலைக்கென்று நாட்டை விட்டுக் கிளம்பினீர்களா, அன்றிலிருந்தே வெளிநாடுவாழ் இந்தியர். அக்டோபரில் போனவர் வரிக்கு உள்ளூர்க்காரர், வங்கிக்கு வெளியூர்க்காரர்! குழப்பம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான்.

ஆகவே இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் வரும் வாடகை, டிவிடெண்டு எல்லாம் அதில் வரும். துபாயிலிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஒரு என்.ஆர்.இ. கணக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் போகலாம். என்.ஆர்.ஓ. வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் டி.டி.எஸ். பிடிப்பார்கள், அதாவது உங்கள் கைக்கு வரும் முன்பே வரியாகக் கழித்துவிடுவார்கள். உங்கள் வருமானம் குறைவு என்றால் வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ரிட்டர்ன் போடாமல் விட்டால் அது போனதுதான். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவரே டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். பாவம், பாதிப் பேருக்கு இது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பி.பி.எஃப்., அதாவது பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? 15 வருடம் முடியும் வரை தொடரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது, புதிதாகத் தொடங்கவும் முடியாது. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மகளின் பெயரில் உள்ள செல்வமகள் சேமிப்புக் கணக்கைக் கவனியுங்கள். பெண் குழந்தை வெளிநாட்டுவாசி ஆனால் அதை மூட வேண்டும்.

அப்பாவோ மனைவியோ இங்கே ஈ.எம்.ஐ., கரண்ட் பில் கட்ட வேண்டுமென்றால் ஏ.டி.எம். கார்டைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வங்கியில் மேண்டேட் கடிதம் எழுதிக் கொடுத்தால் முறையாக அவர்களே கணக்கை இயக்கலாம். ஆதாரிலும் வங்கியிலும் கொடுத்திருக்கும் சிம் கார்டைக் கூடவே எடுத்துப் போங்கள், ரோமிங் போட்டு ரீசார்ஜ் விடாமல் செய்யுங்கள். ரிட்டர்னைச் சரிபார்க்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும்.