பட்டன் இருக்கிறது, விரல் போகவில்லை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து இப்போதே எனக்குப் பதில் எழுதத் தொடங்கிவிட்ட அக்காவுக்கும் தம்பிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் நாடகத்தை அணைத்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பினாங்கு மக்களுக்கும் வணக்கம்.

"புகைப்படக்காரர்கள் தங்கள் கேமராவில் இருக்கும் வீடியோ வசதியைப் பயன்படுத்துகிறார்களா, இல்லையா?" இதுதான் இன்றைய தலைப்பு. பயன்படுத்துவதில்லை என்று சொல்ல வந்திருக்கிறேன். பட்டர்வொர்த்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். ஒரு ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்து ஆள்.

எடுத்ததுமே என் சாதனையைச் சொல்லிவிடுகிறேன். நானும் வீடியோ எடுத்திருக்கிறேன். முழு நீளத்தில் ஒன்றே ஒன்று. நீளம் 29 நிமிடம் 59 நொடி.

ஜார்ஜ்டவுனில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்தது. மேடையில் சொந்தக்காரர்கள் படம் எடுக்க வருவதற்குள் ஒரு வாய் சாப்பிட்டுவிடலாம் என்று கேமராவை இடுப்போரம் தொங்கவிட்டுப் பந்தி வரிசையில் நின்றேன். அந்தக் கேமராவில் சிவப்புப் புள்ளி போட்ட ஒரு பட்டன், சரியாக பெல்ட் உரசும் இடத்தில். சாப்பிட்டு வந்து பார்த்தால் பேட்டரியில் கடைசிக் கோடு சிவப்பாக மினுக்குகிறது. மாப்பிள்ளையின் அம்மா, "தம்பி, எங்க பக்கத்து ஆளுங்களோட ஒரு படம்" என்று ஐம்பது பேரோடு நிற்கிறார். மாற்று பேட்டரி வேனில். வேன் எங்கே? பார்க்கிங் கிடைக்காமல் மூன்று தெரு தள்ளி.

ராத்திரி வீட்டில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் என் கால்சட்டை. அப்புறம் தரை, செருப்புகள், கொலுசு போட்ட இரண்டு சின்னக் கால்கள் இப்படி ஒருமுறை அப்படி ஒருமுறை ஓடுகின்றன. யாரோ ஒருவர் "அப்பளம் தீர்ந்துபோச்சா?" என்று கேட்கிறார். 29 நிமிடம் 59 நொடியில் பட்டென்று நின்றுவிட்டது.

ஏன் அங்கே நின்றது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரே மூச்சில் 30 நிமிடம் பதிவு செய்யக்கூடிய கேமராவை ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி, இறக்குமதிக்கு வரி போட்டார்கள். அந்த வரியில் மாட்டாமல் இருக்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு நொடி முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக, பட்டர்வொர்த்துக்காரன் இடுப்பில் ஓடிய வீடியோவை ஐரோப்பியச் சுங்க வரிதான் நிறுத்தியது! இப்போது வரும் பல கேமராக்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனக்கு அது நல்ல செய்தியா என்று தெரியவில்லை.

சரி, தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். "வீடியோ எடுத்துக்கொண்டே இருங்கள், வேண்டிய இடத்தில் ஒரு ஃபிரேமை உருவிப் படமாக்கிக்கொள்ளலாம்" என்றார். கேட்க இனிப்பாக இருக்கிறது. தம்பி, தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் நின்றிருப்பீர்கள். தமிழர், சீனர் எல்லாரும் குவியல் குவியலாகத் தேங்காயைத் தூக்கி ரோட்டில் அடிக்கிறார்கள். அந்தத் தேங்காய் உடைகிற நேரம் எவ்வளவு?

கணக்குப் போடுவோம். உடைந்த சில்லு நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம். அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி உள்ளே வரும் நேரத்தை, 50இல் ஒரு பங்கு நொடியாக வைப்பார்கள். அந்த நேரத்தில் சில்லு 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஃபிரேமை உருவினால் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் கிடைக்கும். நான் படத்துக்கு 2000இல் ஒரு பங்கு வைப்பேன். சில்லு நகர்வது அரை சென்டிமீட்டர். ஓடு தனியாக, பருப்பு தனியாக, இளநீர் கண்ணாடிக் குச்சி மாதிரி காற்றில் நிற்கும். அடித்தவர் கண்ணை இறுக்கி மூடியிருப்பார். படத்தைப் பார்க்கும்போதுதான் அது அவருக்கே தெரியும். அதை எந்த மனிதனும் நேரில் பார்த்ததில்லை ஐயா, பக்கத்தில் நின்றவன்கூடப் பார்த்ததில்லை.

"அப்படியானால் வீடியோவிலும் 2000 வைத்தால் போகிறது" என்று அக்கா முணுமுணுக்கிறார். வைக்கலாம் அக்கா. ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் ஆட்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள், பழைய ஊமைப்படம் மாதிரி. வீடியோவுக்குச் சரியாக வைத்தால் படம் கெடும், படத்துக்குச் சரியாக வைத்தால் வீடியோ கெடும். அதோடு 4கே வீடியோவில் ஒரு ஃபிரேம் 83 லட்சம் பிக்சல்தான். என் கேமரா ஒரு படத்துக்கு 2 கோடியே 40 லட்சம் தருகிறது. கைக்கு அடக்கமான ஆல்பத்துக்கு 83 லட்சம் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஹாலில் சட்டம் போட்டு மாட்ட, ஓரத்தை வெட்டிப் பெரிதாக்க, பற்றாது.

இன்னொன்று. பகல் வெயிலில் 50இல் ஒரு பங்கு வைத்தால் படம் வெளிறிப்போகும். லென்ஸ் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டவேண்டும். காவடி வருகிறது, முருகா முருகா என்று கூட்டம் நெருக்குகிறது, கையெல்லாம் விபூதியும் வியர்வையும். அந்த நிலைமையில் நான் கண்ணாடி மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்க முடியுமா? மாட்டி முடிப்பதற்குள் காவடி ஐம்பது படி ஏறியிருக்கும்.

கோயில் மண்டபத்துக்குள் போனால் வேறு கதை. ஒருமுறை ஆசைப்பட்டுப் பூசையில் வீடியோ பட்டனை நானே, தெரிந்தே அமுக்கினேன். இருபது நொடி. பார்த்தால் முருகன் முகத்தில் கறுப்புக் கோடு கோடாக மேலிருந்து கீழே ஊர்கிறது. சாமி குற்றமோ என்று பயந்துவிட்டேன்! விஷயம் என்ன? கேமரா அமெரிக்கக் கணக்கில் இருந்தது: 30 ஃபிரேம், 60இல் ஒரு பங்கு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அந்த மண்டபத்துப் பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. இரண்டும் ஒத்துப்போகாது; கோடு விழும். 25 ஃபிரேமுக்கு மாற்றி 50இல் ஒரு பங்கு வைத்தால் சரியாகிவிடும். இதைக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லைதான். ஆனால் "பட்டனை அமுக்கினால் போதும்" என்று சொன்னீர்களே தம்பி, அது உண்மையில்லை என்கிறேன்.

சத்தத்தைப் பற்றி நான் பேசவே வேண்டாம். கேமராவின் நெற்றியில் கடுகளவு இரண்டு ஓட்டை, அதுதான் மைக். அதற்கு முன்னால் உறுமி மேளத்தை அடித்தால் என்ன ஆகும்? தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கிய மாதிரி வரும். அமைதியான இடத்திலோ லென்ஸ் ஃபோகஸ் தேடும் கிர்ர் சத்தம் மணமக்களின் பேச்சைவிடத் தெளிவாகக் கேட்கும்.

எதிரணியினர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். யாரும் பயன்படுத்தவில்லை என்றால் கம்பெனிக்காரன் ஏன் வைக்கிறான்? 2008 ஆகஸ்டில் நிக்கான் டி90 வந்தது. வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா, அதுதான். ஒரு துண்டுக்கு ஐந்து நிமிடம். அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2, முழு எச்டியில். அப்போதே ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் பின்திரையில் நேரடியாகப் படம் காட்ட ஆரம்பித்திருந்தது. ஓடுகிற படத்தைத் திரையில் காட்டத் தெரிந்த கேமராவுக்கு அதைக் கார்டில் எழுதுவது அடுத்த படிதான். கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டது யார்? சினிமாக்காரர்கள். பெரிய சென்சார், பின்னணி மங்குகிறது, விலையோ சினிமா கேமராவில் ஒரு துளி. 2010இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பருவ இறுதிப் பகுதியையே அந்தக் கேனனில் எடுத்தார்கள். கேமரா பயன்பட்டது, நான் மறுக்கவில்லை. பயன்படுத்தியவர் புகைப்படக்காரர் இல்லை. நம் தலைப்பில் அந்தச் சொல் இருக்கிறது ஐயா.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். 2013இல் நிக்கான் டிஎஃப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, வீடியோவே கிடையாது. லைக்கா இன்னும் ஒரு படி மேல். 2012இல் தன் எம் வரிசைக் கேமராவில் வீடியோவை வைத்தது, 2017இல் எம்10 வந்தபோது எடுத்தேவிட்டது. வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று கழற்றியிருக்கிறார்கள்.

"எட்டாயிரம் ரிங்கிட் போட்டு வாங்கிவிட்டுப் பாதியைப் பயன்படுத்தாமல் விடுவதா?" என்று இன்னொரு தம்பி கேட்டார். தம்பி, உங்கள் வீட்டு ரைஸ் குக்கரில் கேக் என்று ஒரு பட்டன் இருக்கும். அம்மா எத்தனை கேக் சுட்டிருக்கிறார்? கேட்டுவிட்டு வாருங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்போது கல்யாணத்துக்கு வாருங்கள். வீட்டுக்காரர்கள் படமும் கேட்கிறார்கள், வீடியோவும் கேட்கிறார்கள். நான் என்ன செய்கிறேன்? வீடியோவுக்குத் தனி ஆள் கூட்டிவருகிறேன். படத்துக்கு ஒரு ரேட், வீடியோவுக்கு ஒரு ரேட். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் கையிலும் ஒரே மாடல் கேமரா. அவர் அதை ஆட்டம் வராமல் தாங்கும் கிம்பலில் ஏற்றி, மேலே மைக் வைத்து, மாப்பிள்ளையின் சட்டைக்குள் இன்னொரு மைக் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி நடப்பார். நான் குனிந்து, நாற்காலியில் ஏறி, இரண்டு மாமாக்களுக்கு நடுவில் புகுந்து வருவேன். என் கேமராவில் வீடியோ இல்லை, அவர் கேமராவில் படம் இல்லை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடிந்தால் எந்த வீட்டுக்காரர் இரண்டு பேருக்குச் சாப்பாடு போடுவார்?

ஒருவேளை எடுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதை உட்கார்ந்து பார்ப்பது யார், வெட்டுவது யார்? ஆயிரம் படத்தை நான் ஒரே இரவில் சலித்துவிடுவேன். ஒரு மணி நேர வீடியோவைப் பார்த்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அதை யாராலும் சலிக்க முடியாது, பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியாக அக்கா. அக்கா பேசியபோது மண்டபமே அமைதியாகிவிட்டது. என் கண்ணும் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். பாட்டி தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பாடிய தாலாட்டை, சாகும் முன் மீண்டும் ஒருமுறை பாடியதைப் பதிவு செய்து வைத்திருப்பதாகச் சொன்னார். "இந்தக் குரலை எந்தப் படம் தரும்?" என்று கேட்டார். எந்தப் படமும் தராது அக்கா. நான் தோற்றேன் என்றே நினைத்தேன்.

ஆனால் தேநீர் இடைவேளையில் அக்காவிடம் போய் அந்த வீடியோவைக் காட்டச் சொன்னேன். காட்டினார். அருமையான குரல். நெட்டுக்குத்தாக எடுத்த வீடியோ. "எதில் எடுத்தது அக்கா?" என்றேன். அக்கா சிரித்துவிட்டார். கைப்பேசி! அக்காவும் படம் எடுக்கிறவர்தான். அன்றைக்கு அவர் கேமரா அதே அறையில், அலமாரியில் இருந்திருக்கிறது. பாட்டி பாட ஆரம்பித்ததும் அவர் கை போனது கைப்பைக்கு. அது தப்பில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மேடைக்கு வலப்பக்கம், தூணோரம் நிற்கும் தம்பியைப் பாருங்கள். இன்றைய நிகழ்ச்சியைப் படம் எடுக்கவும், முழுப் பட்டிமன்றத்தையும் பதிவு செய்யவும் அழைக்கப்பட்டவர் அவர்தான். கழுத்தில் இரண்டு கேமரா தொங்குகிறது, இரண்டிலும் வீடியோ பட்டன் இருக்கிறது. அவர் பக்கத்தில் முக்காலி மேல் நின்று, நான் பேசுவதை இப்போது பதிவு செய்துகொண்டிருப்பது எது என்று நீங்களே எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, கையைத் தூக்கிக் காட்டுப்பா. நன்றி, வணக்கம்.