விளக்கு எரிவது தெரியும், ஈரம் ஏறுவது தெரியாது

வன்னி வாழ் நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அரசாங்க உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சா வளர்ப்பகம் ஒன்றில், அறைகளின் வெப்பத்தையும் ஈரத்தையும் கவனிக்கும் தொழில்நுட்பவியலாளனாக ஆறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தவன் நான். வந்த நாள்முதல் கமக்காரர்களும் வெளிநாட்டில் உறவுகள் உள்ளவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, அந்த மாதிரி அறையளை இஞ்சையும் கட்டலாமோ?" ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்று இலங்கையின் 2022 நவம்பர் மாத வரவுசெலவுத் திட்ட உரையில் கூறப்பட்ட பின்னர் இந்தக் கேள்வி இன்னும் வலுத்தது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிய அனுமதி இல்லாத ஒருவர் தன் வளவில் ஒரேயொரு செடியை நட்டாலும் அது இந்நாட்டில் குற்றம். நமது கரையோரங்களிலும் ஏ-9 வீதியிலும் அடிக்கடி பிடிபடும் கேரளக் கஞ்சாவால் எத்தனை வீடுகளில் தாய்மார் தூக்கமின்றி இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆகவே இன்றைய உரை எவரையும் வளர்க்கத் தூண்டுவதற்கானதன்று. அந்த அறைகளுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை, முதலீடு செய்யச் சொல்லி யாராவது உங்கள் படலையைத் தட்டுவதற்கு முன்னர் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வெயிலிலே தானாக வளரக்கூடிய ஒரு செடியை நான்கு சுவருக்குள் ஏன் கொண்டுபோனார்கள்? மருந்து என்றால் ஒவ்வொரு தொகுதியும் ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்பதே காரணம். ஆயுர்வேத மருந்தானாலும் ஆங்கில மருந்தானாலும், சென்ற மாதம் உட்கொண்ட அளவு இந்த மாதமும் அதே வேலையைச் செய்யாவிட்டால் வைத்தியர் எதை நம்பி எழுதிக் கொடுப்பார்? அதனால் விதை போடாமல், தேர்ந்தெடுத்த தாய்ச் செடியிலிருந்து தண்டுத் துண்டுகளை வெட்டி வேரூன்றச் செய்கிறார்கள். ஒரு தாயின் பிள்ளைகள் அனைத்தும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பிறகு ஒளியும் வெப்பமும் நீரும் எல்லாச் செடிக்கும் சமமாகப் போய்ச்சேரப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இச்செடி பகல் குறுகினால் பூக்கும் இனத்தைச் சேர்ந்தது. செடிகள் பகலிரவின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்பதை கார்னர், அலார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் புகையிலைச் செடியை வைத்தே எடுத்துக் காட்டினார்கள். வன்னியில் ஆனி மாதத்து நீண்ட பகலும் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடந்தான். மார்கழிப் பகலும் 11 மணி 30 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. ஆகையால் நமது வெயிலில் நட்ட செடி உடம்பு வைக்குமுன்னரே பூக்கத் தொடங்கிவிடும். அறைக்குள்ளே முதற் சில வாரங்கள் நாளுக்கு 18 மணித்தியாலம் விளக்கை எரித்துச் செடியை வளர்த்தெடுத்து, பின்னர் 12 மணித்தியாலமாகக் குறைத்துப் பூக்கவிடுவார்கள். அந்த 12 மணி இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும். இயந்திரங்களின் முகப்பில் எரியும் கடுகளவு சிவப்பு வெளிச்சத்தைக்கூட நாங்கள் கறுப்பு நாடா ஒட்டி மறைத்தோம். இருட்டு குழம்பினால் பெண் பூங்கொத்துக்குள் ஆண் மகரந்தப்பை தோன்றி, அறை முழுவதும் விதை பிடித்துவிடும்.

விளக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். முன்பு வீதி விளக்குபோல மஞ்சளாக எரியும் சோடியம் விளக்குகள் இருந்தன, இப்போது எல்.இ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த, ஜப்பானில் பிறந்த மூன்று அறிஞர்களுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே மின்சாரத்துக்கு முன்னரைவிட அதிக ஒளி இப்போது கிடைக்கிறது. ஆனால் ஆறு வருடம் அந்த அறைகளுக்குள் நின்ற எனக்கு, விளக்கு இந்தத் தொழிலின் பாதிக் கதை என்றே படுகிறது. மறுபாதி ஈரம்.

ஒரு செடிக்கு நீங்கள் ஊற்றும் தண்ணீரில் மிகச் சிறு பங்குதான் செடியில் தங்குகிறது. மிகுதி முழுவதும் ஆவியுயிர்ப்பாக இலைவழியே காற்றுக்குப் போகிறது. வயலில் அந்த ஆவியைச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மூடிய அறையில் அது எங்கே போகும்? 200 செடிகளுக்கு நாளுக்கு மூன்று லீற்றர் வீதம் ஊற்றினால், ஏறத்தாழ 600 லீற்றர் தண்ணீரை அந்த அறையின் காற்றிலிருந்து நாள்தோறும் வடித்தெடுக்க வேண்டும். நல்ல ஈரப்பதன் நீக்கி ஒன்று ஓர் அலகு (யூனிட்) மின்சாரத்தில் இரண்டு மூன்று லீற்றர் வடிக்கும். 600 வாற்று விளக்குகள் 40 எரியும் அறையென்றால், 12 மணித்தியாலத்தில் விளக்குகளுக்கு 288 அலகு போகும். ஈரத்தை வடிக்க 200 முதல் 300 அலகுவரை போகும். விளக்குக்குள் போகும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே மாறுவதால், அந்த வெக்கையை வெளியேற்றக் குளிரூட்டிக்கு இன்னொரு பங்கு.

விளக்கு அணையும் நேரந்தான் ஆபத்தான நேரம். 26 பாகையில் 60 சதவீத ஈரப்பதனோடு இருந்த அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலேயே ஈரப்பதன் 86 சதவீதமாகிவிடும். ஓர் ஆவணி மாத இரவு, எங்கள் பூக்கும் அறையொன்றில் ஈரப்பதன் நீக்கியின் வடிகுழாய் பாசி பிடித்து அடைத்து, இயந்திரம் தானாகவே நின்றுவிட்டது. அந்தக் குழாயைக் கழுவும் முறை என்னுடையது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். காலையில் இலை நுனிகளிலே பனி கட்டியதுபோல் நீர் நின்றது. ஒன்பது நாள் கழித்து, வெளியே குறையொன்றும் தெரியாத பூங்கொத்து ஒன்றை விரலால் பிரித்தேன். நடுத்தண்டு பழுப்பாகி, அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூஞ்சணம் பஞ்சுபோல் படர்ந்திருந்தது. தொட்டதும் தூள் பறந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சுவாசிக்கக்கூடிய பொருளுக்குள் பூஞ்சணம் இருக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. அந்தத் தொகுதி முழுவதையும் சாட்சிகள் முன் நிறை பார்த்து, பதிந்து, அழித்தோம். பல வார உழைப்பு ஒரு முழங் குழாயில் போனது.

இப்போது வன்னிக்கு வாருங்கள். கனடாவின் குளிர்காலத்தில் வெளிக்காற்றே வறண்டது. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஈரம் தானாக இறங்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெளிக்காற்றே நனைந்த துணிபோல் இருக்கிறது. சோளகக் காலத்து நண்பகலில் ஈரத் திரை வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கலாம். வாடை மாரியில் அதுவும் கைகொடுக்காது. ஆக வருடம் முழுவதும் இயந்திரத்தையே நம்ப வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு நாளில் அந்த அறையைக் காக்க மின்பிறப்பாக்கி எத்தனை லீற்றர் டீசல் குடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் மலிந்த நாடுகளிலும் இது சிறிய பாரமன்று. அமெரிக்காவில் அறைக்குள் நடக்கும் கஞ்சா வளர்ப்பு அந்நாட்டு மின்சாரத்தில் ஒரு சதவீதத்தைக் குடிக்கிறது என்று 2012இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு, இடத்தைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோவரை காபனீரொட்சைட்டுக்கு நிகரான வாயு வெளியாகிறது என்று 2021இல் கொலராடோ ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். வவுனியாவின் பல கிணறுகளில் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு, சொட்டுநீர்க் குழாயின் வாயையும் அடைக்கும். அங்கே உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வடிகட்டி இல்லாமல் போசணைக் கரைசல் தயாரிக்க முடியாது. வடிகட்டினால் கணிசமான பங்கு உப்புநீராக வெளியே போகும். காற்றிலிருந்து வடித்த நீர் உப்பற்றது என்பதால், அதைச் சுத்திகரித்து மறுபடியும் செடிக்கே கொடுக்கும் ஏற்பாடு இருந்தால்தான் நமது நிலத்தடி நீருக்கு அது நியாயமாகும்.

எல்லா நாட்டிலும் மூடிய அறைதான் வழி என்றில்லை. கடுமையான வலிப்பு நோயுள்ள பிள்ளைகளுக்காக 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரித்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கான செடிகளை, இங்கிலாந்தின் நோபோக் மாவட்டத்தில், முன்பு தக்காளி வளர்த்த 18 ஹெக்டேயர் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார்கள். பக்கத்துச் சீனி ஆலையில் வீணாகும் வெப்பமும் காபனீரொட்சைட்டும் அந்தக் கூடத்துக்குப் போயின. ஒளியில் பெரும் பங்கை வெயில் கொடுத்தது. நமக்கு வெயிலுக்கு என்ன குறை? வெயிலை அடைத்துவிட்டு விளக்கெரிக்கும் திட்டத்தை வன்னிக்குக் கொண்டுவருபவர், ஏன் வெயிலை அடைத்தார் என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே உங்களிடம் யாராவது காணியோ முதலோ கேட்டு வந்தால், உரிமத்தின் பிரதியைக் காட்டச் சொன்ன பின்னர், நாளுக்கு எத்தனை லீற்றர் நீர் ஊற்றுவார்கள், அதில் எத்தனை லீற்றரைக் காற்றிலிருந்து வடிப்பார்கள், மின்சாரம் நின்றால் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று கேளுங்கள். விளக்குகளின் படத்தை மட்டும் காட்டினால் ஒப்பமிடாதீர்கள்.

வட்டக்கச்சியில் என் மிளகாய் நாற்றுக் கூடத்தில் குளிரூட்டியோ ஈரப்பதன் நீக்கியோ இல்லை. இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றியிருக்கிறது. விடியற்காலையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பாகையைக் காட்டினால் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டது என்று பொருள்; அன்று நீர் விடுவதைப் பிற்போட்டு, பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டுக் காற்றாடியைப் போடுகிறேன். சென்ற மாரிப் பருவமான காலபோகத்தில் நாற்றழுகல் வந்த தட்டுகள் இரண்டே இரண்டு.

நன்றி, வணக்கம்.