ஜன்னலுக்கு 286 டாலர்

[திரையில்: ஹோட்டல் அறை ஜன்னல். வெளியே விசிறி மாதிரி விரிந்த பனை மட்டைகள், ஜன்னலை முழுசாக அடைத்துக்கொண்டு.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இது ஒரு தீம் பார்க் ஹோட்டலின் 'பார்க் வியூ' அறை. பார்க் எங்கே என்று தேடுகிறீர்களா? நானும் மூன்று நாள் தேடினேன். வலது மூலையில், அந்த இரண்டு மட்டைக்கு நடுவில் ஒரு மஞ்சள் கோடு தெரிகிறது பாருங்கள், அதுதான் ரோலர் கோஸ்டரின் தலை. அதைப் பார்க்க நான் கூடுதலாகக் கொடுத்தது 286 டாலர் 88 சென்ட்.

புலம்புவதற்காக இந்த வீடியோ இல்லை. சரி, கொஞ்சம் புலம்புவேன். ஆனால் அந்தக் காசு எதற்குப் போனது என்று உட்கார்ந்து பார்த்தபோது, தீம் பார்க் ஹோட்டல்களில் 'அப்கிரேடு' என்ற ஒரே வார்த்தையை வைத்து நாலைந்து வேறு வேறு சரக்கை விற்கிறார்கள் என்று புரிந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நடந்த கதை. போன கோடை விடுமுறையில் ஆர்லாண்டோ போனோம், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கிற ஊர், உலகத்தில் தீம் பார்க்குக்கென்றே பேர் வாங்கிய ஊர். நாங்கள் மூன்று பேர், என் மனைவியின் தம்பி வீட்டில் மூன்று பேர். ஒரே ஹோட்டல், ஒரே வகை அறை, ஒரே விலை. ஹோட்டலின் பெயர் வேண்டாம், விடுங்கள். செக்-இன் வரிசையில் நான் முன்னால் நின்றேன், அதுதான் செய்த தப்பு. ரிசப்ஷனில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, நேராக என் மகளைப் பார்த்து, ஜன்னலைத் திறந்தால் ரோலர் கோஸ்டர் இருக்கிற பக்கத்தில் அறை வேண்டுமா என்று கேட்டார். ஏழு வயசுப் பிள்ளை வேறென்ன சொல்லும்? ஒரு ராத்திரிக்கு 85 டாலர் கூடுதல் என்றார்கள், மூன்று ராத்திரிக்கு 255. அதற்கு மேல் வரி. ஆர்லாண்டோ இருக்கிற ஆரஞ்சு கவுண்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஹோட்டல் அறைக்கு விற்பனை வரி 6.5 சதவீதம், சுற்றுலா வரி 6 சதவீதம், மொத்தம் பன்னிரண்டரை. அப்கிரேடுக்குக் கொடுக்கிற காசும் அறை வாடகைக் கணக்கில்தான் வருகிறது, அதனால் அதற்கும் இந்த வரி விழும். 85 என்று காதில் விழும்போது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

ஐந்தாவது மாடி. கதவைத் திறந்ததும் நல்ல அறைதான், குறை சொல்ல முடியாது. இரண்டு பெரிய கட்டில், மேசையில் இரண்டு தண்ணீர் பாட்டில், வெள்ளைத் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் திரையை இழுத்தாள். அப்புறம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "அப்பா, மரம்தான் இருக்கு" என்றாள்.

மரம்தான் இருந்தது. ஃபுளோரிடாவில் சாலையோரமெல்லாம் நட்டு வைத்திருப்பார்களே, ஒல்லியாக நெட்டையாக வளர்கிற வாஷிங்டோனியா பனை, அது நாலு வரிசையாக நின்றது. மட்டையெல்லாம் சரியாக எங்கள் ஜன்னல் உயரத்தில். அதற்குப் பின்னால்தான் பார்க். வண்டி மேலே ஏறிக் கவிழும்போது அலறுகிற சத்தம் மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்தமாகக் கேட்டது.

[திரையில்: அதே ஹோட்டல், அதே பக்கம், ஒரு மாடி கீழே எடுத்த படம்.]

சாயங்காலம் மைத்துனர் அறைக்குப் போனோம். அவர் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை, சாதாரண அறை. நாலாவது மாடி. எங்கள் அறைக்கு நேர் கீழே. அதே கட்டில், அதே கம்பளம், அதே அன்னப்பறவை. திரையை விலக்கினால் ரோலர் கோஸ்டர் முழுசாக நிற்கிறது! மட்டையெல்லாம் மேலே போய்விட்டது, கீழே வெறும் தண்டுகள்தான், நடுவில் தாராளமாக இடைவெளி. "என்ன அத்தான், உங்க ரூம்ல இதைவிட சூப்பரா தெரியுமே?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன்.

இறங்கிப்போய் ரிசப்ஷனில் கேட்டேன். கோபமெல்லாம் படவில்லை. அவர்கள் சொன்ன பதில்தான் இந்த வீடியோவுக்கே காரணம். அந்தப் பக்கக் கட்டடத்தில் ஐந்தாவது மாடியிலிருந்து மேலே எல்லாமே 'பார்க் வியூ', நாலு வரைக்கும் சாதாரணம், கணினியில் அப்படித்தான் பிரித்திருக்கிறது என்றார்கள். ஜன்னலில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றி அந்தக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பக்கம், இந்த மாடிக்கு மேல், இந்தப் பெயர், இந்த விலை, அவ்வளவுதான்.

நம் ஊரில் கிழக்குப் பார்த்த வீடு என்று சொல்வோம் இல்லையா, வாசல் கிழக்கே இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், காலையில் சூரியன் தெரியும் என்று அர்த்தமில்லை. எதிரே ஆறு மாடி அபார்ட்மென்ட் நின்றாலும் அது கிழக்குப் பார்த்த வீடுதான். ஹோட்டலின் 'வியூ'வும் அப்படியே. பார்க்கைப் பார்த்த அறை என்றுதான் விற்கிறார்கள், பார்க் தெரிகிற அறை என்று நாம் வாங்குகிறோம். வகை பிரித்த அன்று அந்தப் பனை இடுப்பளவு நின்றிருக்கலாம். மரம் வளர்ந்தது, கணினியில் பெயர் மாறவில்லை. தவிர, எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் கிட்டத்தட்ட ஒரே காட்சியைத்தான் பார்ப்பார்கள். கோட்டை ஒட்டி மேலே இருக்கிறவனுக்குத்தான் நஷ்டம். நான் கோட்டுக்கு மேலே முதல் மாடி.

[திரையில்: ஆர்லாண்டோ பக்கத்து வரைபடம்.]

இது ஒரு ஹோட்டலின் வழக்கம் மட்டும் இல்லை. ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கிற பெரிய தீம் பார்க் வளாகமான வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோதே கூடவே திறந்த கன்டெம்பரரி ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே மோனோ ரயில் ஓடுகிற அந்தப் பெரிய முக்கோணக் கட்டடம். அதில் ஒரு பக்கத்து அறைகள் மேஜிக் கிங்டம் பார்க்கைப் பார்த்தவை, இன்னொரு பக்கம் பே லேக் ஏரியைப் பார்த்தவை. பார்க் பக்கத்துக்கு விலை அதிகம். இங்கே அந்த விலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது, பார்க்கின் நடுவில் நிற்கிற சின்ட்ரெல்லா கோட்டை நிஜமாகவே தெரியும். ஆனால் ராத்திரி வாணவேடிக்கையை அறையிலிருந்தே பார்த்துவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இப்போதெல்லாம் அந்த நிகழ்ச்சியில் பாதி வானத்தில் நடப்பதில்லை, கோட்டைச் சுவரின் மேல் படமாக ஓட்டுகிறார்கள். அந்தப் படங்கள் பார்க்குக்குள் கோட்டைக்கு நேர் எதிரே நிற்கிறவனுக்காகச் செய்தவை. ஹோட்டல் ஜன்னலில் இருக்கிறவனுக்கு மேலே வெடிக்கிறது மட்டும்தான் மிச்சம்.

இன்னொரு வகை அப்கிரேடு இருக்கிறது, என் கணக்கில் அதிகம் பேர் ஏமாற்றம் அடைவது இதில்தான். டிஸ்னியின் விலை குறைந்த ஹோட்டல்கள், ஆல் ஸ்டார், பாப் செஞ்சுரி மாதிரியானவை, அங்கே 'ப்ரிஃபர்டு' என்று ஒரு அறை வகை வரும். பெயரைக் கேட்டால் பெரிய அறை, நல்ல மெத்தை என்று தோன்றும். கிடையாது. அறை அதே அறை. சாப்பாட்டுக் கூடத்துக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் பக்கத்தில் இருக்கிற கட்டடம், அவ்வளவுதான். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை, விவரத்தில் எழுதித்தான் இருக்கிறது, நாம்தான் விலையைப் பார்த்துவிட்டு விவரத்தைத் தாண்டிப் போகிறோம். பாப் செஞ்சுரியில் மட்டும் 2,880 அறைகள், அவ்வளவு பெரிய வளாகத்தில் கடைசிக் கட்டடத்திலிருந்து தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு அந்த நடையை மிச்சம் பிடிக்கக் காசு கொடுக்கலாம் என்று தோன்றும். முழங்கால் வலிக்கிற மாமியாரைக் கூட்டிப்போனாலும் அப்படித்தான். ஆனால் நீங்கள் வாங்குவது நடையை, அறையை இல்லை.

சொல்லி விற்கிற இடங்களும் உண்டு. டோக்கியோ டிஸ்னி சீ பார்க்கோடு சேர்த்து 2001-ல் திறந்த மிராகோஸ்டா ஹோட்டல் பார்க்குக்கு உள்ளேயே நிற்கிறது. அதில் அறைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், துறைமுகத்தைப் பார்த்த பக்கம், கால்வாய்ப் பக்கம், வெளிப் பக்கம் என்று. துறைமுகப் பக்கமாக இருந்தும் சரியாகத் தெரியாத அறைகளுக்குப் பகுதிக் காட்சி என்று பெயரிலேயே போட்டுவிடுகிறார்கள். என் ஜன்னலுக்கும் 'மட்டை வியூ' என்று பெயர் வைத்திருந்தால் நான் ஏன் வாங்கப்போகிறேன்?

கிளப் அறை என்று ஒன்று. அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அதே அறை, கூடவே தனி ஓய்வறை, அதில் காலைச் சாப்பாடு, நொறுக்குத்தீனி, சாயங்காலம் ஏதாவது. ஹோட்டலிலேயே பாதி நாள் இருக்கிறவர்களுக்கு லாபம். காலை எட்டுக்குப் பார்க்குக்குப் போய் ராத்திரி பத்துக்குக் கால் வீங்கித் திரும்புகிறவர்கள் அந்த ஓய்வறைக் கதவைக்கூடப் பார்க்கப் போவதில்லை.

[திரையில்: செக்-இன் கவுண்டர்.]

சரி, செக்-இன் நேரத்தில் ஏன் இதை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்? ஹோட்டல் அறை கத்தரிக்காய்கூட இல்லை, கத்தரிக்காயை நாளைக்காவது பாதி விலைக்குத் தள்ளலாம். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளை யாருக்கும் விற்க முடியாது. விலை குறைந்த அறைகள்தான் முதலில் தீரும், மேல் வகை மிச்சம் இருக்கும். உங்களை 85 டாலர் வாங்கிக்கொண்டு மேலே ஏற்றிவிட்டால் ஒரு காலி அறையும் காசாகிறது, நீங்கள் விட்ட கீழ் அறையும் அடுத்தவனுக்கு விற்கக் கிடைக்கிறது. ஒரே அசைவில் இரண்டு விற்பனை. பல ஹோட்டல்களில் அப்கிரேடு விற்கிற ஊழியருக்கு அதற்கென்று ஊக்கத்தொகையும் உண்டு. அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் வேலையை அவர் நன்றாகவே செய்தார்.

அந்தக் காசில் வேறென்ன செய்திருக்கலாம் என்று கணக்குப் போட்டபோதுதான் வயிறு எரிந்தது. தீம் பார்க்கில் பெரிய விஷயம் வரிசையில் நிற்பதுதான். அதே ஊரில் இருக்கிற இன்னொரு தீம் பார்க் வளாகமான யுனிவர்சல் ஆர்லாண்டோவில் போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் என்று மூன்று ஹோட்டல்கள், அங்கே தங்குகிற எல்லாருக்கும் அவர்களுடைய முதல் இரண்டு பார்க்குகளில் வரிசையைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம். பார்க் டிக்கெட் தனியாக வாங்க வேண்டும், ஆனால் இந்தப் பாஸ் வந்து சேர்கிற நாளுக்கும் செல்லும், காலி செய்கிற நாளுக்கும் செல்லும். ஒரு ராத்திரி தங்கினால் இரண்டு நாள். அதில் மிகச் சின்ன அறை எடுத்தவனுக்கும் உண்டு, பெரிய சூட் அறை எடுத்தவனுக்கும் அதேதான். அதே நிறுவனத்தின் கபானா பே ஹோட்டலில் எவ்வளவு நல்ல அறை எடுத்தாலும் அது கிடையாது. டிஸ்னியிலும் அப்படித்தான், அவர்கள் ஹோட்டலில் தங்கினால் பார்க்குக்குள் அரை மணி நேரம் முன்னாடி விடுகிறார்கள், விலை குறைந்த அறைக்கும் அதே அரை மணி, விலை கூடிய அறைக்கும் அதே அரை மணி. பார்க்கில் கிடைக்கிற இந்தச் சலுகையெல்லாம் ஹோட்டலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அறையோடு வருவதில்லை. அறையை மாற்றுகிற காசில் ஹோட்டலை மாற்ற முடியுமா என்று நான் பதிவு செய்யும்போதே பார்த்திருக்க வேண்டும்.

இப்போது யாராவது கவுண்டரில் அப்கிரேடு என்று ஆரம்பித்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை, அதற்குப் பதில் எப்போதும் இனிப்பாகத்தான் வரும். நான் ஏற்கெனவே எடுத்த அறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறேன். வித்தியாசம் ஜன்னலில் இருக்கிறது என்றால், காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்கிறேன். அறை தயாராக இருந்தால் சில இடங்களில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். மாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு ராத்திரிக்கான கூடுதல் காசை மட்டும் கழித்துக்கொண்டார்கள். மாற்றிக் கொடுக்க அந்தப் பக்கத்தில் வேறு அறை காலி இல்லை. நாலாவது மாடியிலும் இல்லை, நான் வெட்கத்தை விட்டு அதையும் கேட்டேன்.

[திரையில்: நாலாவது மாடி ஜன்னல், ராத்திரி. கண்ணாடியில் இரண்டு சின்னக் கைகள்.]

மகளுக்கு எந்தக் குறையும் இல்லை. தினமும் ராத்திரி பார்க்கிலிருந்து வந்ததும் லிஃப்ட்டில் நாலை அழுத்தி மாமா வீட்டு அறைக்குப் போய்விடுவாள். ரோலர் கோஸ்டரில் விளக்கு அணைகிற வரைக்கும் அங்கேதான், தூங்கின பிறகு நான் போய்த் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறி வருவேன்.