மரநாய் விதைத்த காப்பி

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

வால்பாறைப் பக்கம் காட்டுத் தடத்தில் காலை நேரம் நடந்திருக்கிறீர்களா? விழுந்து கிடக்கிற மரத்தின் மேலோ பாறை மேலோ சின்ன எச்சக் குவியல் ஒன்று கண்ணில் படும். பழுப்பு மரநாய் ராத்திரி போட்டுவிட்டுப் போனது. முகம் சுளிக்காமல் குச்சியால் கிளறிப் பாருங்கள், அத்தனையும் விதை. பல் படாத முழு விதை. பல்லைப் பார்த்தால் கறி தின்னும் சாதி. ஆனால் இதற்குச் சாப்பாடு பெரும்பாலும் பழம்தான்.

என்ன விதை? பாலி மரத்து விதை இருக்கலாம். சில குவியலில் காப்பிக்கொட்டை! காட்டை ஒட்டி ரொபஸ்டா காப்பித் தோட்டம் இருக்கிறதே. பழம் தின்ற மரநாய் நேரே காட்டுக்குள் போய்விடுகிறது. அங்கே காப்பி முளைத்துப் புதராக மண்டி, காட்டு மரக்கன்று எழும்ப வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மரநாய் மேல் தப்பே இல்லை. பரம்பரையாகச் செய்த வேலையைத்தான் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்கள் நாம்தான். மிச்சம் இருப்பது தேயிலைக்கு நடுவே தீவு தீவாகச் சுமார் 40 காட்டுத்துண்டு.

பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை கதையும் இதேதான். காப்பிக்கு நிழல் தர ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மேசோப்சிஸ் மரத்துப் பழத்தையும் விழுங்கும். மரத்துக்கு எந்த ஊர் என்று அது விசாரிப்பதில்லை. ஆனாலும் அதை விட்டால் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் மாதிரிப் பெரிய விதையெல்லாம் கொண்டைக்குருவியின் தொண்டையில் இறங்குமா? கொண்டைக்குருவி எடுத்துப் போவது உண்ணிச்செடியின் பொடி விதையை. இருவாச்சி வராத துண்டில் எந்த மரம் பெருகும், எது அருகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பூவுக்கும் இதே பாடுதான். வெடிப்பலா என்கிற காட்டு மரத்தின் பூவுக்கு இதழே கிடையாது. தடித்த கிளையில், இலைக்குக் கீழே, குழல் குழலாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தேனீயை மட்டும் நம்பி இருக்கிற பூ இல்லை அது. பழந்தின்னி வௌவால் வரும். சோலைமந்தி, மலை அணில், மரநாய் என்று ஒரு கூட்டமே அந்தப் பூவைத் தேடி வரும். மந்தி பூவையே பிய்த்துத் தின்றுவிடும், அது வேறு விஷயம்! தின்கிற வேகத்தில் முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவும். கிளையோடு கிளை கோத்திருந்தால்தானே தாவ முடியும்? நடுவில் தார்ச்சாலை வந்தால் இறங்கித்தான் ஓட வேண்டும். மேலே குரங்குக்குக் கயிற்றுப் பாலம் கட்டியிருப்பது அதற்காகத்தான்.

அங்கே காட்டை மீட்டெடுக்கிறவர்கள் விதைக்காகக் காட்டுக்குள் போவதில்லை. சாலையோரம் குனிந்து குனிந்து நடக்கிறார்கள். தாரில் விழுந்த விதை எப்படியும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கத்தான் போகிறது. அதைப் பொறுக்கிக் கழுவி, நாற்றங்காலில் பை நிரப்பி, ஒவ்வொன்றாக ஊன்றுகிறார்கள். மரநாய் ஒரே ராத்திரியில் முடிக்கிற வேலையை.