குமுட்டி அடுப்புக்கு மூடி போட்டால்

வணக்கம் நேயர்களே. மெல்பர்னில் செப்டம்பர் பிறந்தால் நம்மவர் வீடுகளில் இரண்டு விசாரிப்புகள் ஆரம்பமாகிவிடும். கறிவேப்பிலைச் செடி குளிரைத் தாண்டிவிட்டதா? கொல்லைப்புறத்தில் எப்போது கரி மூட்டப் போகிறீர்கள்? செடியைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும். என்னைக் கரிக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இறைச்சியைக் கரிப்புகையில் மெல்ல வேகவைக்கிற ஸ்மோக்கர் என்றதும் ஏதோ அமெரிக்கச் சாமான் என்று மலைக்க வேண்டாம். என் பாட்டி வைத்திருந்த குமுட்டி அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கரி, நடுவில் சல்லடை, கீழே ஒரு வாய். வாய்க்கு நேராக ஓலை விசிறியால் வீசினால் கங்கு சிவக்கும். ஓட்டுத் துண்டு வைத்து அடைத்தால் அடங்கும். அதே அடுப்பை இடுப்பளவு உயர்த்தி, உள்ளே ஒரு தண்ணீர்ச் சட்டி வைத்து, மேலே மூடி போட்டால் ஸ்மோக்கர். கீழே இரண்டு மூன்று துவாரங்கள், மூடியில் ஒன்று. கரி கொழுந்துவிடக் கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். உள்ளே 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக நின்றால், ஆட்டு முன்னங்கால் சப்பை ஆறேழு மணி நேரத்தில் விரலால் பிய்த்தால் வரும்.

எல்லாம் காற்று சும்மா இருக்கும்வரைதான். பாட்டியிடம் விசிறி இருந்தது, எப்போது வீசுவது எப்போது நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியும். இங்கே வசந்தகாலக் காற்று யாரைக் கேட்டு வீசுகிறது?

புதிதாக ஸ்மோக்கர் வாங்கியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. காற்று ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. தகரச் சுவரில் மோதி வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. கீழ்த் துவாரத்தில் புகுந்து கரியை ஊதியும் விடுகிறது. வெப்பமானி முள் 100க்கு இறங்குவதைப் பார்த்துப் பதறி, எல்லாத் துவாரங்களையும் திறந்துவிடுவீர்கள். அடுத்த வீச்சில் காற்று கொல்லன் துருத்தி போல உள்ளே இறங்கும். கால் மணி நேரத்தில் 180. தண்ணீர்ச் சட்டி வற்றி, அதில் சொட்டிய கொழுப்பு காய்ந்து, அதுவும் பற்றிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து மூடியைத் தூக்கினால் இன்னும் காற்று கிடைத்து தீ முகத்துக்கு எழும். தூக்காதீர்கள். துவாரங்களை அடைத்துவிட்டுக் காத்திருங்கள், தானாக அடங்கும்.

நான் செய்வது இது. காற்று வருகிற பக்கத்துக் கீழ்த் துவாரத்தை முழுக்க மூடிவிடுவேன். எதிர்ப்பக்கத்தில் ஒன்றை மட்டும் ஒரு விரல் அகலம் திறந்து வைப்பேன். மூடியில் இருக்கும் துவாரம் சமையல் ஒழுங்காக நடக்கும்வரை திறந்தே இருக்கும். அதை அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி இறைச்சியில் கரிப்பிசின் படியும், ஒரு வாய் வைத்தாலே தொண்டை கமறும். ஒருமுறை திருகினால் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம்.

இதில் மெல்பர்ன் தனியாக ஒரு வில்லங்கம் வைத்திருக்கிறது. சூடான வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று மாறி வீசும். வடக்கே மூடி, தெற்கே திறந்து வைத்திருந்த அடுப்புக்கு அது நேராக வாயில் ஊதுகிற மாதிரி. காற்று திசை மாறுவது என்றால் என்னவென்று விக்டோரியா மாநிலம் பட்டுத் தெரிந்துகொண்டது. 2009 பிப்ரவரி 7 அன்று இந்த நகரத்தில் 46.4 டிகிரி. மாலையில் காற்று திரும்பியதும், நீளமாக ஓடிக்கொண்டிருந்த காட்டுத்தீயின் பக்கவாட்டு முழுவதும் முகப்பாக மாறி ஊர்களை நோக்கிப் பாய்ந்தது. அன்றைய தீக்களில் 173 பேர் போனார்கள். அந்தக் கணக்கின் முன்னால் நம் அடுப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் அதே காற்றுதான் நம் வேலிக்கு மேலும் வருகிறது. ஆகவே கரியைத் தொடுவதற்கு முன் வானிலை முன்னறிவிப்பில் மாலைவரை காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். டோட்டல் ஃபயர் பேன், அதாவது முழுத் தீத் தடை, அறிவித்த நாளில் கரி, விறகு எதையும் மூட்டக் கூடாது. மூடி போட்ட ஸ்மோக்கரும் அதில் அடக்கம். மற்றபடி தீ அபாயக் காலத்தில் திறந்த வெளியில் சமையலுக்குத் தீ மூட்ட, காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுற்றிலும் மேலேயும் மூன்று மீட்டருக்குப் பற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் கவுன்சிலின் விதிகள் தனி, கேட்டுக்கொள்ளுங்கள். பத்து கிலோமீட்டர் என்பது எவ்வளவு? முகத்தில் காற்று படுவது தெரிந்து, இலைகள் சலசலத்தால் ஏறக்குறைய அவ்வளவு. சின்னக் குச்சிகள் ஓயாமல் ஆடினால் தாண்டிவிட்டது. என் வீட்டில் துணிக்கொடிதான் அளவுகோல். போர்வை கிடையாகப் பறந்தால் அன்று சாம்பார்.

இவ்வளவு விவரமாகப் பேசுகிறவன் ஒருநாள் வேலியைக் கொளுத்தப் பார்த்தவன். நான்கு வருடம் முன்பு, ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதி ஆட்டத்துச் சனிக்கிழமை. சிம்னி என்கிற தகரக் குழாயில் கரியைச் சிவக்க வைத்து, ஸ்மோக்கரில் கவிழ்த்தேன். அந்தக் கணம் பார்த்து ஒரு வீச்சு. பொறி பறந்தது. மத்தாப்பு மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் சிரித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “உன் அடுப்பு அங்கே இருக்கிறது, இங்கே ஏன் புகைகிறது?” என்று கேட்டார். வேலியோரம் செடிகளுக்குப் போட்டிருந்த மரப்பட்டைத் தூளில், டேன்பார்க் என்போமே, அதில் ஒரு துணுக்குக் கங்கு விழுந்திருக்கிறது. மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. காலால் கிளறினேன். அடியில் தட்டளவுக்குக் கறுப்பு வட்டம், அதன் விளிம்பில் ஊதுபத்தி நுனி மாதிரி சிவப்பு, பலகை வேலிக்கு ஒரு சாண் தூரத்தில். நல்லவேளை, ஒரு வாளித் தண்ணீரில் முடிந்தது. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்றே எனக்கு நினைவில்லை.

அதிலிருந்து தண்ணீர்க் குழாயை மாட்டித் திறந்து பார்த்த பிறகுதான் தீப்பெட்டியை எடுக்கிறேன். கரி கொட்டும்போது காற்றுக்கு முதுகு காட்டி, சிம்னியைத் தாழப் பிடித்து, வீச்சு ஓயும்வரை பொறுத்துக் கவிழ்க்கிறேன். வேட்டி, துப்பட்டா, நைலான் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கிட்டேயே வேண்டாம், மெழுகுக் கட்டி போதும். அடுப்பு சிமெண்ட் தரையிலோ கல் பாவிய இடத்திலோ நிற்கட்டும். மரத்தளத்தின் மேலும், பெர்கோலா என்கிற கொல்லைப்புறப் பந்தலின் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழும் வைக்காதீர்கள்.

காற்றுத் தடுப்புக்கு நீலத் தார்ப்பாய் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் போதும், பாய் போய் அடுப்பைத்தான் கட்டிப்பிடிக்கும். இரும்புத் தகடோ சிமெண்ட் பலகையோ சாயாதபடி நிறுத்துங்கள், காற்று வரும் பக்கம் மட்டும், ஒரு கை தூரம் தள்ளி. காற்று தாங்கவில்லை என்று ஸ்மோக்கரைக் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கதவு திறந்துதானே இருக்கிறது என்பார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றுகிறதே என்று யோசிக்கும்போது எழுந்து நடக்கக் காலில் தெம்பு இருக்காது.

கை சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் பற்பசைக் குழாயோடு ஓடிவர ஒரு அத்தை கட்டாயம் இருப்பார். அவரை அன்போடு தடுத்து நிறுத்துங்கள். காயம் பெரிதாக இருந்தால் அவசர எண் 000.

சமைத்து முடிந்ததும் எல்லாத் துவாரங்களையும் மூடிவிடுங்கள். நீறு பூத்த நெருப்பு என்று யாரையாவது பற்றிச் சொல்வதற்கே நாம் பழகிவிட்டோம், நிஜமான நீறு பூத்த நெருப்பை மறந்துவிட்டோம். மறுநாள் காலை சாம்பல் வெளுத்துக் கிடக்கும், கை வைத்தால் வெதுவெதுப்புகூட இருக்காது, உள்ளே ஒரு கட்டி உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டி, ராத்திரி காற்றடித்தால் தொட்டியும் போகும், பக்கத்தில் நிற்கிற காரும் போகும். இரண்டு முழு நாள் ஆறட்டும். என்னிடம் மூடி போட்ட பழைய தகர டின் ஒன்று இருக்கிறது, செங்கல் மேல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சமைத்தால் அதன் மூடியில் சாக்கட்டியால் ‘செவ்வாய்’ என்று எழுதிவிடுவாள் என் மனைவி. செவ்வாய்க்கிழமை வரை அதை யாரும் தொடக் கூடாது, நான் உட்பட.